எல்லாப் பக்கத்திலும் அதே தலைப்பு

நீளமான அட்டவணை என்றால் எங்கள் தொழிலில் பாதிப் பேர் அடுத்தவன் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரே பக்கத்துக்குள் அடங்குவதை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். ஏழு பக்கம், பத்துப் பக்கம் என்று ஓடுவதுதான் ஆளைப் படுத்தும். ஒரு வரிசை பாதி இந்தப் பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலுமாக வெட்டுப்பட்டு நிற்கும். கடைசிச் சில வரிசைகள் இடம் போதாமல் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் குறி மட்டும் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்த வரிசைகள் அச்சிலேயே வராது. எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. கம்ப்யூட்டரில் பக்கம் போடுவதுதான் என் வேலை. இத்தனை வருடமாக ஒரே அச்சகம், ஒரே நாற்காலி. என் கைக்கு வந்த அட்டவணை சொன்ன பேச்சுக் கேட்டு உட்காரும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

இப்போது விசாரணை அலுவலகத்தின் மாடியில், சுவரோரம் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பாதிக் கண்ணாடி வைத்த கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் ஸ்கேல் அக்கா என்று கூப்பிடுவோம். இரண்டு பேர் செத்ததற்கு அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று வழக்கு. அவர் கையெழுத்துப் போட்டுத்தான் அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கமும் அச்சுக்குப் போனது. அவரை வீட்டுக்கு அனுப்பத்தான் நான் வந்தேன். நான்தான் செய்தேன் என்று காலையில் எழுதியும் கொடுத்துவிட்டேன். அதிகாரி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். சும்மா இருக்கிற நேரத்தில் உங்களுக்கு விவரமாகவே சொல்கிறேன். தாளில் இவ்வளவு எழுதவில்லை.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவருடைய மரஸ்கேலால். முன்பெல்லாம் எங்கள் அச்சகத்தில் அட்டவணையை இரண்டு பேராகத்தான் பார்ப்போம். வாடிக்கையாளர் கொடுத்த மூலத்தை நான் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பேன். அக்கா அச்சுப் பிரதியில் ஸ்கேலை வரிசைக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரிசையாக இறக்கிக்கொண்டே வருவார்.

“நாலு புள்ளி ரெண்டு.”

“ம்.”

“மூணு புள்ளி ஒம்பது.”

“ம்.”

மதியம் முழுக்க இப்படியே போகும். ஏதாவது தப்பு இருந்தால் அந்த “ம்” வராது. ஸ்கேல் நின்றுவிடும். பச்சைப் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு, “என்ன கட்டக்காரரே, தூங்கிட்டீங்களா?” என்பார். கட்டம் போடுகிறவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்காவுக்குக் கணவர் இருக்கிறார், கல்யாணமான மகள் இருக்கிறாள். நான் அந்த மாதிரி நினைத்தது கிடையாது. நான் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணி நல்ல மாதிரி. நான் போகும்போது தட்டை மூடி வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். என்னிடம் பேசுவதற்கு அந்த வீட்டில் யாருக்கும் குறிப்பாக ஒன்றும் இருக்காது. நான் செய்ததை ஒருவர் வரிவரியாக, எண் எண்ணாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

பிறகு வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் ஃபைலாக அனுப்ப ஆரம்பித்தார்கள். முதலாளி ஒருநாள் எங்கள் மேசைக்கு வந்து நின்றார். “ஃபைல்ல இருக்கிறத அப்படியே எடுத்துப் போடறோம், இதுல உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கணுமா? அந்தம்மா தனியாப் பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்,” என்றார். அன்றோடு வாசிப்பது நின்றது.

கொஞ்ச நாள் அக்கா தனியாகப் பார்த்தார். அதன்பின் ஸ்கேல் மேசையின் ஓரத்திலேயே கிடந்தது. நான் கொண்டுபோய் வைக்கிற பக்கங்களில் கையெழுத்து மட்டும் விழுந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

“அக்கா, இப்பல்லாம் நீங்க பாக்கிறதே இல்லையே?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா. புரை விழுந்திருக்குன்னு சொல்றாங்க. பொண்ணுக்குப் பிரசவம் முடியட்டும், அப்புறமா ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். முதலாளி காதுல போட்டுடாத. சீட்டக் கிழிச்சிடுவாரு. நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும்.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் என்னை நம்பலாம். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ மரத்துப்போனது. அதற்கப்புறம் அது சரியாகவே இல்லை. கண் தெரியவில்லை என்று சொல்கிறவர், மகள் போனில் அனுப்புகிற படத்தைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். போனை மூக்குக்கு நேரே கொண்டுபோய்த்தான் பார்ப்பார், இல்லையென்று சொல்லவில்லை. மனசு இருந்தால் என் பக்கத்தையும் மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்திருக்கலாம். இதை யாரிடம் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள்.

அதனால் நான் சின்னதாக ஒன்றிரண்டு வைத்துப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் பாட அட்டவணையில் ஒரே வாரத்துக்கு இரண்டு வியாழக்கிழமை வைத்தேன். கையெழுத்து விழுந்தது. பேருந்துக் கால அட்டவணை ஒன்றில் ஒரு பேருந்து கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அதற்கும் கையெழுத்து விழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது முதலாளி அக்காவை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்கா என் பக்கம் திரும்பி, “எப்படிப்பா இத விட்டேன்?” என்றார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தப்பு சின்னதாக இருந்ததால் கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாக வைத்தால் பட்டுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கிரேன் புத்தகம் வந்தது.

கிரேன் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் அந்தப் புத்தகம் வரும்வரை தெரியாது. லாரி மாதிரி ஓடிவரும் கிரேன், எடை தூக்குவதற்கு முன் பக்கவாட்டில் நான்கு இரும்புக் கால்களை நீட்டித் தரையில் ஊன்றிக்கொள்ளும். விசாலமான இடமென்றால் கால்களை முழுதாக நீட்டலாம், நிறையத் தூக்கலாம். குறுகலான தெருவென்றால் பாதிதான் நீட்ட முடியும். அப்போது அதில் பாதியைத் தூக்குவதே கஷ்டம், மீறினால் வண்டியே கவிழ்ந்துவிடும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்பதற்கு இரண்டு அட்டவணைகள். முதலாவது, கால்கள் பாதி நீட்டிய நிலை, மூன்று பக்கம். இரண்டாவது, கால்கள் முழுதாக நீட்டிய நிலை, நான்கு பக்கம். ஓட்டுநர் தன் இருக்கைக்குப் பக்கத்தில் தொங்கும் புத்தகத்தைப் புரட்டி, திறந்த பக்கத்தின் தலைப்பைப் பார்த்து, எடையைப் பார்ப்பார்.

நான் இரண்டு அட்டவணைகளையும் ஒன்றாக ஒட்டினேன். இரண்டாவதின் தலைப்பை எடுத்துவிட்டேன். முதல் தலைப்பு வரிசை எல்லாப் பக்கத்திலும் திரும்ப வரட்டும் என்று மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் வைத்தேன். அது அன்றாடம் செய்கிற வேலை, கை தன்னால் போகும். ஏழு பக்கத்திலும் ‘கால்கள் பாதி நீட்டிய நிலை’ என்று அழகாக வந்து உட்கார்ந்தது. ஓர் எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகத்தில் இருக்கிற எண் ஒவ்வொன்றும் சரியானது.

இவ்வளவு பெரிய தப்பை யாரும் விட முடியாது. பொருளடக்கத்தில் இரண்டு நிலை என்று இருக்கிறது, உள்ளே ஒன்றுதான் இருக்கிறது. ஸ்கேல்கூட வேண்டாம், பக்கத்தைப் புரட்டினாலே போதும். நான் அச்சுப் பிரதியை அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அன்றைக்கு அவர் மகளுக்கு வலி எடுத்திருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “மூச்ச நல்லா இழுத்து விடுடி, அம்மா இதோ கிளம்பிட்டேன்,” என்று பேசிக்கொண்டே, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்துப் போட்டார். ஏழு பக்கத்திலும் போட்டார். போட்டு முடித்து என் முகம் இருக்கிற பக்கமாக நிமிர்ந்தார்.

“எல்லாம் சரிதானேப்பா?”

“நீங்கதான்கா பாத்துச் சொல்லணும்.”

“போடா, நீ பண்ணினதுதானே,” என்று சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சொல்லியிருக்கலாமே என்று காலையில் அதிகாரியும் கேட்டார். சொல்லியிருக்கலாம். அச்சு ஏறும்போது சொல்லியிருக்கலாம், பைண்டிங்கில் இருக்கும்போது சொல்லியிருக்கலாம், கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றும்போதும் சொல்லியிருக்கலாம். ஆனால் நானே சொல்லிவிட்டால் அவர் கண்டுபிடித்ததாக ஆகாது. அவருக்குப் பேரன் பிறந்து, திரும்ப வேலைக்கு வந்து, அலமாரியில் இருக்கும் புத்தகத்தை ஒருநாள் எதேச்சையாகப் புரட்டுவார், ஸ்கேலைத் தேடுவார் என்று காத்திருந்தேன். புத்தகம் எங்கள் கைக்கு எட்டுகிற அலமாரியில்தான் இருந்தது. காத்திருந்த அந்த நாட்களில் ஒரு தாய்சேய் மருத்துவமனையின் மருந்தளவுக் கையேடும் வந்தது. அதுவும் நீளமான அட்டவணைதான். வேலை நிறைய.

பிறகு கிரேன் கவிழ்ந்தது. ஒரு கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் ஜெனரேட்டரை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சந்து என்பதால் கால்களைப் பாதிதான் நீட்ட முடிந்தது. கீழே நின்று கயிறு பிடித்தவர்கள் இரண்டு பேர், மாமனாரும் மருமகனும். ஒரே வீடு. எடை மீறினால் கத்துகிற மணி அந்த வண்டியில் வேலை செய்யவில்லை என்றும் சொன்னார்கள். அது என் வேலை கிடையாது.

செய்தி கேட்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டேன். அண்ணி மட்டும், “என்ன தம்பி, இன்னிக்கு இன்னொரு கரண்டி கேக்கறீங்க?” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஓட்டுநர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். கையைக் கட்டித் தோளிலிருந்து தொங்கவிட்டிருந்தார். புத்தகத்தை முதலாளி மேசையில் வைத்து, நல்ல கையால் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். அவர் சத்தம் போடவே இல்லை.

“என்ன போட்டிருக்குன்னு படிங்க. பாதி நீட்டினதுன்னுதானே போட்டிருக்கு? நான் அதத்தான் பாத்தேன். எல்லாரும் என்னயத்தான் கொலகாரன்ங்கறாங்க. அந்தப் பொண்ணுக்கு அப்பாவும் இல்ல, புருஷனும் இல்ல. அது என் மூஞ்சியப் பாத்து ஏண்ணான்னு கேக்குது. நான் பாத்துத்தான் தூக்கினேன்னு சொன்னா யாரு நம்பறாங்க?”

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்து புத்தகத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு புத்தகத்தை மேசைமேல் வைத்து உட்கார்ந்தார்.

“என் ஸ்கேல் எங்க?”

நான்தான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்தேன்.

“மூலத்த எடுப்பா. வாசி.”

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஓட்டுநரும் முதலாளியும் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் ஓர் எண் சொன்னேன், அவர் “ம்” என்றார். அடுத்ததைச் சொன்னேன். ஸ்கேல் மெதுவாக, தடுமாறித் தடுமாறி இறங்கியது. எத்தனையோ காலம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். மூன்று பக்கம் முடிந்தது. நான்காம் பக்கத்துக்கு வந்தேன். மூலத்தில் இருக்கிறபடி, “கால்கள் முழுதாக நீட்டிய நிலை” என்று தலைப்பை வாசித்தேன்.

“ம்” வரவில்லை. ஸ்கேல் நின்றது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லக் கூசுகிறவர்கள் இருப்பார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பச்சைப் பென்சில் எங்கே என்றுகூட மேசையில் தேடினேன்.

அக்கா பென்சில் கேட்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “நான் பாக்கலய்யா,” என்றார் அந்த ஓட்டுநரிடம். “யாரு மேலயும் தப்பில்ல. நான்தான் பாக்கல.”

என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. விசாரணைக்கு ஆட்கள் வந்தபோதுகூட முதலாளி என்னைக் காட்டி, “இவன் பேஜ் போடறவன் சார், அதுவா விழறதுதான் அது. பாத்து விடறது அந்தம்மா பொறுப்பு,” என்று முடித்துவிட்டார். அக்காவை அழைத்துக்கொண்டு போனார்கள். பேரனுக்கு அப்போது கழுத்துகூட நிற்கவில்லை. அவருடைய மேசை காலியாக இருந்தது. நான் போடுகிற பக்கங்களைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. புதிதாக வந்த பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாகத்தான் பார்க்கிறாள். ஆனால் அவள் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் எனக்கு ஒன்றுதான்.

அதனால் இன்று காலை கிளம்பி இங்கே வந்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வேண்டுமென்றே செய்தேன் என்று நான் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தம்மா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே மாத்திட்டீங்களா, இல்ல போட்டதுக்கு அப்புறம் மாத்தினீங்களா? அப்புறம்னா அவங்க மேல ஒண்ணும் இல்ல, இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்.”

“அப்புறம்தான்,” என்றேன்.

அப்படியே எழுதியும் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட பிரதியை அச்சு முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுவோம், ஒத்துப்பார்க்க ஒன்றும் கிடையாது. அந்தத் தாளில் நான் வைத்த தப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உண்மை. எங்கள் புரூஃபில் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திரும்பத் தொட மாட்டோம் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அன்று நான் பக்கத்தில் நின்றதும் தெரியும். தாளை அவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். பேனாவோடு இந்தப் பச்சைப் பென்சிலையும் கொடுங்கள் என்று என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒருமாதிரிப் பார்த்தார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

அக்கா நேர்மையானவர். படித்தால் விட மாட்டார். அந்த வரியில் வந்து நிற்பார், சுழி போடுவார், நான் கையெழுத்துப் போடும்போதே தப்பு இருந்தது, நான்தான் பார்க்கவில்லை என்று திருத்துவார். திருத்தினால் வீட்டுக்குப் போக முடியாது, உண்மைதான். ஆனால் படித்திருப்பார்.

இதோ, கண்ணாடியில் தெரிகிறது. அதிகாரி தாளை வைத்து ஏதோ சொல்கிறார். அக்கா தலையை ஆட்டுகிறார். குனிகிறார். கை தாளின்மேல் போகிறது.

விரலால் அடிக்கோட்டைத் தடவுகிறார். கையெழுத்துப் போட்டுவிட்டார். பென்சில் அப்படியே கிடக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்தப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, பெஞ்சில் நான் இருப்பதைக் கிட்டத்தில் வந்துதான் கண்டுகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீதான் பண்ணினேன்னு எழுதிக் குடுத்திருக்கன்னு அவரு சொன்னாரு. எனக்காக இந்தப் பழியத் தூக்கி உன் தலைல போட்டுக்கிட்டியேடா. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

“படிச்சீங்களாக்கா?”

“அவரு வாசிச்சுக் காட்டவான்னு கேட்டாரு, நான்தான் வேணாம்னேன். வாசிச்சா எனக்கு மனசு தாங்காதுப்பா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

கீழே மகள் குழந்தையோடு காத்திருக்கிறாளாம். ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அதிகாரி வாசலில் நின்று, வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த மருந்தளவுக் கையேட்டில் முதலில் பெரியவர்களுக்கான அளவு இருந்தது, அதன்பின் குழந்தைகளுக்கான அளவு. நான் அதைத் திருப்பிப் போட்டு, குழந்தைகளின் தலைப்பையே, பெரியவர்களுக்கான அளவு இருக்கிற பக்கங்கள் உட்பட, எல்லாப் பக்கத்துக்கும் ஓடவிட்டேன், ஏனென்றால் கிரேனைவிடப் பெரிதாக இருந்தால்தான் கண்ணில் படும். அக்கா அதில் கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில் நிற்கவில்லை, முதலாளி கூப்பிட்டார் என்று போய்விட்டேன். பைண்டிங் முடிந்து, போன வாரம் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதையாவது படித்திருப்பார்.